தட்டோடு இல்லாத தளம்

கள்ளக்குறிச்சி வட்டாரத்து வீடுகளின் வரலாற்றைக் கேட்டால் பெரும்பாலும் ஓர் ஏணியைத்தான் காட்டுவார்கள்: முதலில் கூரை வீடு, அடுத்து நாட்டு ஓடு, பிறகு சீமை ஓடு, கடைசியில் தளம் போட்ட வீடு. மழையையும் நெருப்பையும் கறையானையும் கணக்கில் எடுத்தால் இந்த வரிசை சரிதான். வெயிலைக் கணக்கில் எடுத்தால் கதை மாறுகிறது. ஒவ்வொரு படியிலும் தலைக்கு மேலிருந்த வெப்பத்தடுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றிருக்கிறது. இன்று மொட்டைமாடியில் வெப்பம் தடுக்கும் ஓடு பதிக்கச் சொல்பவர்களைப் பார்த்து, வசதியுள்ளவர்களின் புது மோகம் என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். இந்த ஊர்க் கூரைகளின் பழைய கணக்கைப் பார்த்தால், அது தளத்தோடு சேர்ந்தே வந்திருக்க வேண்டிய மேல்பாதி என்றுதான் தோன்றுகிறது.

சமவெளியில் பனையோலையும் தென்னங்கீற்றும் கரும்புச் சோகையும், கல்வராயன் மலையில் காட்டுப் புல்லும் கூரையாயின. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குணம், அடுக்குகளுக்கு நடுவே காற்றைச் சிறைபிடித்து வைப்பது. அசையாத காற்றைவிட மலிவான வெப்பத்தடுப்பு இன்றுவரை வரவில்லை. கல்வராயனிலும் கொல்லிமலையிலும் வாழும் மலையாளிப் பழங்குடியினரைப் பற்றி, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் குறித்து எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தொகுதிகளில் ஒரு சுவையான செய்தி உண்டு. கொல்லிமலையில் பிளந்த மூங்கில் தட்டிச் சுவரும் புல் கூரையுமாகத்தான் வீடு கட்டினார்கள். ஓடோ செங்கல்லோ வைத்தால் தெய்வம் கோபிக்கும் என்று நம்பினார்கள். இதை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஓட்டுக்குச் சூளை வேண்டும், சூளைக்கு நல்ல களிமண் வேண்டும், இல்லையென்றால் அடிவாரத்திலிருந்து சுமந்து ஏற வேண்டும். புல்லும் மூங்கிலும் வாசலிலேயே கிடைத்தன. தெய்வத்தின் விருப்பமும் மலையின் பொருளாதாரமும் ஒன்றுக்கொன்று முரண்படவில்லை. அதற்காக அந்தப் புல்வீட்டைப் பொற்காலமாக்கிப் பேசுவதும் தவறு. கல்வராயன் மலை ஜாகிர்தார்களின் பிடியிலிருந்து விடுபட்டதே 1976-ல்தான். அதுவரை அங்கே பலருக்குப் புல்கூரை என்பது தேர்ந்தெடுத்த ஒன்றல்ல, வேறு வழியில்லாதது.

நாட்டு ஓடு வெப்பத்தைப் பொறுத்தவரை பெரிய இறக்கம் இல்லை. குயவர் சக்கரத்தில் குழாயாக வனைந்து பிளந்த ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது இடுக்குகளில் காற்று தங்கியது. மங்களூரில் பாசல் மிஷன் 1865-ல் தொடங்கிய தொழிற்சாலையின் வழிவந்த சீமை ஓடு வேறு வகை. இலேசானது, கச்சிதமாகப் பொருந்துவது, வருடா வருடம் பிரித்து அடுக்கும் வேலையைக் குறைத்தது. ஆனால் ஒற்றை அடுக்கு. சிமென்ட் அட்டை மிச்சமிருந்த கொஞ்சத் தடுப்பையும் விட்டுக்கொடுத்தது.

தளத்தின் கதைதான் எனக்கு முக்கியம். காங்கிரீட்டுக்கு முன்னிருந்த மெட்ராஸ் டெரஸில் மர உத்திரங்களின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சாய்த்து அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கி, கடைசியாகத் தட்டோடு பதித்தார்கள். சுண்ணாம்பில் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்ந்தன. கடுக்காய் கல்வராயன் மலையின் பேர்போன வனப்பொருள். கரும்போ, மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளே வரும் அளவுக்கு இந்த மண்ணில் விளைவது. காங்கிரீட் வந்தபோது பொறியாளர்கள் கீழே இருந்த மரத்தையும் செங்கல்லையும் மட்டுமே மாற்றினார்கள். மேலே இருந்த செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பையும் தட்டோட்டையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். பொதுப்பணித்துறைக் கட்டடங்களில் தளத்தின் மேல் சுமார் 75 மி.மீ. ஜல்லிச் சுண்ணாம்பு, அதன் மேல் அழுத்தித் தயாரித்த ஓடு என்பது வழக்கமான அளவு. காங்கிரீட் மட்டும் போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அந்த மேல்பாதி விடுபட்டது ஏழைகளின் வீட்டில். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்த பிறகு, கீற்றுக்கூரைக்காக வாதாட யாருக்கும் வாயில்லை, இருக்கவும் கூடாது. 2010-ல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் குடிசைகளைக் காங்கிரீட் வீடுகளாக்கப் புறப்பட்டபோது மானியம் முதலில் 60,000 ரூபாய், பிறகு 75,000. 2011-ல் வந்த பசுமை வீடு 300 சதுர அடி, 1.80 லட்சம். 2024-ல் கலைஞரின் கனவு இல்லம் 3.50 லட்சம். தொகை ஏறியது, விலைவாசியும் ஏறியது. கையிருப்பு கரையும்போது முதலில் கைவிடப்படுவது கண்ணுக்குத் தெரியாத வேலைதான். தளம் காய்ந்ததும் குடிபுகுந்துவிடலாம். தட்டோடு அடுத்த அறுவடைக்கு என்று தள்ளிப்போகும். 4 அங்குலக் காங்கிரீட் பகலெல்லாம் குடித்த வெயிலை, வேலையிலிருந்து திரும்பியவர்கள் படுக்கும் நேரத்தில் உள்ளே விடும்.

வெள்ளையடித்தால் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2023-ல் தெலங்கானா கொண்டுவந்த குளிர்கூரைக் கொள்கையின் அடிப்படையே வெயிலைத் திருப்பி அனுப்பும் மேற்பரப்புதான். சின்னசேலம், தியாகதுருகம் போன்ற வெட்டவெளி ஊர்களில் சுண்ணாம்புப் பூச்சு பலன் தரும், புழுதி படியும்வரை. ஆனால் கல்வராயன் மலைமேலுள்ள வெள்ளிமலையில் மார்கழி இரவுக்கு அது உதவாது. அங்கே வீட்டின் கதகதப்பு தளத்தின் வழியே வானத்துக்குப் போகிறது. தடுப்பு அடுக்கு இரு பக்கமும் வேலை செய்யும். மலை குளிர்ச்சியான இடம், அங்கே எதற்கு இது என்பவர்களுக்கும் இதுவே பதில்.

எடை பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது. 75 மி.மீ. ஜல்லிச் சுண்ணாம்பு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 140 கிலோ, அதன் கீழுள்ள 4 அங்குலத் தளமே 250 கிலோ. இந்தச் சுமையை எண்ணாமல் கம்பி கட்டிய பழைய சிறு வீடுகளில் பழைய முறையைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றக்கூடாது. அத்தகைய தளத்தில் முதலில் கசிவை அடைத்து, அழுத்திய நுரைப்பலகை விரித்து, மேலே மெல்லிய கலவையில் ஓடு பதிப்பது பொருத்தம். 50 மி.மீ. பலகை சதுர மீட்டருக்கு இரண்டு கிலோகூட வராது. மலைப்பாதையில் செங்கல் ஜல்லியை ஏற்றும் லாரி வாடகையை அறிந்த கொத்தனாருக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை. புதிதாகக் கட்டும் வீடுகளில் இந்தச் சிக்கலே எழாது: எடையைக் கம்பிக் கணக்கிலும் செலவை மதிப்பீட்டிலும் முதலிலேயே சேர்த்துவிடலாம்.