ஜோனா லோமு

ஜோனா லோமு (1975–2015) நியூசிலாந்து ரக்பி யூனியன் வீரர். ஆக்லாந்தில் டோங்கா வம்சாவளிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1994-இல், 19 வயதில், நியூசிலாந்தின் தேசிய அணியான ஆல் பிளாக்ஸுக்கு வந்தார். அவரை வெறும் உடல்பலத்தின் அடையாளமாகச் சொல்வது வழக்கம். 1995 உலகக் கோப்பை அரையிறுதி அதற்குக் காரணம்: தனக்குப் பின்னால் போன பந்தைத் திரும்பி எடுத்து, குறுக்கே வந்தவர்களைத் தாண்டி, கடைசியாக நின்ற இங்கிலாந்தின் மைக் கேட்டை மிதித்துக்கொண்டே ஓடி ட்ரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதித்துப் புள்ளி பெறுவது) வைத்தார். அன்று மொத்தம் நான்கு ட்ரை. ஆனால் அந்தச் சித்திரம் பாதிதான் உண்மை. அந்த ஆண்டின் இறுதியிலேயே அவருக்குக் கடுமையான சிறுநீரக நோய் கண்டறியப்பட்டது. ரக்பி தொழில்முறை ஆட்டமானதும் அதே 1995-இல்தான். ஆகவே அவருடைய தொழில்முறை வாழ்க்கை ஏறக்குறைய முழுவதும் நோயாளியாக ஆடியது. 1999 உலகக் கோப்பையில் வைத்த எட்டு ட்ரைகளும் அப்படி வந்தவையே.

தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்ட்களில், அதாவது நாட்டு அணிகள் மோதும் ஆட்டங்களில், அவர் ஒரு ட்ரைகூட வைக்கவில்லை என்பார்கள். உண்மைதான், அவரைச் சூழ்ந்து மடக்கலாம் என்று அந்த அணி காட்டியது. ஆனால் ஒருவரைத் தடுக்கப் பலர் போனால் மற்றவர்களுக்கு இடம் திறக்கும். அந்தப் பங்கு எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. 63 டெஸ்ட்களில் 37 ட்ரை என்ற கணக்கை இதோடு சேர்த்தே படிக்க வேண்டும். 2002-க்குப் பின் டெஸ்ட் ஆடவில்லை. 2004-இல் சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டு, அதன் பிறகும் வேல்ஸின் கார்டிஃப் அணிக்காகக் களமிறங்கினார்.