புலியைத் தேடிப் போய் அட்டையிடம் கடி வாங்கும் காடு

மலேசியாவில் 'தாமான் நெகாரா' என்று ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. பகாங், கிளந்தான், திரெங்கானு என்று மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கும் 4343 சதுர கிலோமீட்டர் மழைக்காடு. முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றும் வெள்ளைக்கார இளைஞர்கள் பல ஆண்டுகளாக இங்கே வந்துகொண்டிருக்கிறார்கள். தெம்பெலிங் ஆற்றில் இரண்டரை, மூன்று மணி நேரம் நீளப் படகில் உட்கார்ந்து கோலா தஹான் போய்ச் சேருவார்கள். மனதுக்குள் புலி, யானை, காண்டாமிருகம் எல்லாம் ஓடும். நாலு நாள் கழித்துத் திரும்பும்போது பலரிடம் மிச்சம் இருப்பது அட்டைக்கடித் தழும்பும், உடும்பு பார்த்த கதையும்தான்!

இந்த ஏமாற்றத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

தியோடர் ஹப்பாக் என்ற ஆங்கிலேயர் 1895 வாக்கில் மலாயாவுக்கு வந்தவர். பெரிய வேட்டைக்காரர். யானையையும் 'செலாடாங்' எனப்படும் காட்டெருதையும் சுட்ட அனுபவங்களை 1905இல் புத்தகமாகவே போட்டார். அப்படிப்பட்ட மனிதர்தான் பிறகு விலங்குகளின் பக்கம் சாய்ந்தார். வேட்டைக்காரனுக்கு வந்த ஞானோதயம் என்று சிரிக்கலாம். ஆனால் காட்டில் எது குறைகிறது என்று முதலில் தெரிவது துப்பாக்கியோடு அலைபவனுக்குத்தானே.

அது ரப்பர் காலம். காடுகள் அழிந்து தோட்டங்கள் ஆகிக்கொண்டிருந்தன. (அந்தத் தோட்டங்களில் பால்வெட்டக் கப்பலேறிப் போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.) தோட்டத்துக்குள் புகும் யானையைச் சுட வேண்டும் என்றார்கள் முதலாளிகள், கூடாது என்று மல்லுக்கு நின்றார் ஹப்பாக். 1925இல் தஹான் மலையைச் சுற்றி ஒரு காப்புக்காடு உருவானது. 1930இல் அமைந்த வனவிலங்கு ஆணையத்துக்கு அவரே தலைவர். 1932இல் மூன்று தொகுதிகளாக அறிக்கை வந்தது. கடைசியில் 1938-39இல் மூன்று சுல்தான்களும் சட்டம் இயற்றி, 'ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்கா' பிறந்தது. பெயரைப் பாருங்கள், காடு மலாயாவில், மன்னர் லண்டனில்! 1942இல் ஜப்பானியப் படை வந்த சமயத்தில் ஹப்பாக் இறந்தார். விடுதலைக்குப் பிறகு பூங்காவின் பெயர் மாறியது. மலாய் மொழியில் 'தாமான் நெகாரா' என்றால் தேசியப் பூங்கா, அவ்வளவுதான். தெம்பெலிங் ஆற்றில் அணை கட்டிப் பூங்காவின் ஒரு பகுதியை மூழ்கடிக்கும் திட்டமும் நடுவில் வந்தது. எதிர்ப்பு கிளம்ப, 1980களின் தொடக்கத்தில் அதைக் கைவிட்டார்கள்.

சரி, விலங்குகள் ஏன் கண்ணில் படுவதில்லை?

ஆப்பிரிக்கப் புல்வெளியில் ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் சிங்கமும் தெரியும். மழைக்காட்டில் பத்தடி தள்ளி நிற்கும் யானை தெரியாது. பழமும் தளிரும் பெரும்பாலும் உச்சாணிக் கிளைகளில் இருப்பதால் குரங்கு, பறவை எல்லாம் மேலேயே வாழ்கின்றன. கீழே மேய்வதற்குப் புல் இல்லை. அதனால் பெரிய விலங்குகள் சிதறித்தான் இருக்கும். அவை தேடி வரும் இடம் உப்பு மண் உள்ள பள்ளங்கள். அந்தப் பள்ளங்களின் அருகே 'பும்புன்' என்று மரக்குடில் கட்டி வைத்திருக்கிறார்கள். பயணிகள் டார்ச் லைட்டோடு இரவு முழுக்க விழித்திருப்பார்கள். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு தாப்பிர் வரும், இல்லையென்றால் மான். அதுவும் இல்லையென்றால், பிஸ்கட் பொட்டலத்தைத் தேடி எலி வரும்.

இதே காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழும் பாத்தேக் பழங்குடியினருக்கு ஒரு சுவடு போதும், என்ன விலங்கு, எந்தப் பக்கம் போனது என்று சொல்லிவிடுவார்கள். மூன்று நாள் விருந்தாளிக்கு அந்தக் கண் எங்கிருந்து வரும்?

ஆனால் எல்லாப் பழியையும் இலைகள் மேல் போட்டுவிட முடியாது. காட்டில் ஒளிந்திருப்பதால் தெரியாத விலங்குகள் உண்டு. இல்லாமலே போனதால் தெரியாத விலங்குகளும் உண்டு. கம்பிக் கண்ணி வைக்கும் திருட்டு வேட்டைக்காரர்கள் பூங்காவுக்குள்ளும் வருகிறார்கள். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், காட்டில் வாழும் மலாயாப் புலிகள் நாடு முழுவதும் சேர்த்தே 150க்கும் குறைவு என்று தெரிந்தது.

காண்டாமிருகத்தின் கதை இன்னும் மோசம். ஹப்பாக் பல காலம் தடம் பார்த்துத் திரிந்த விலங்கு அது. இரட்டைக் கொம்புள்ள அந்தக் காண்டாமிருகத்தைப் பற்றி 1939இல், பூங்கா பிறந்த அதே சமயத்தில், பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்க இதழில் கட்டுரை எழுதினார். 2015இல், மலேசியக் காடுகளில் அது அற்றுப்போனதாக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். நாட்டில் மிஞ்சியிருந்த கடைசி ஒன்று, இமான் என்ற பெண் காண்டாமிருகம், சபாவில் காப்பகம் ஒன்றில் 2019 நவம்பரில் இறந்தது.