சொர்க்கமும் வீடும்

மார்கழித் திங்களில் வைகுண்ட ஏகாதசியன்று பெருமாள் கோயில்களில் திறக்கப்படும் சொர்க்கவாசலை அறியாத அடியார் இலர். அவர்தம் நாவில் பயிலும் 'சொர்க்கம்' என்ற சொல்லையே நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களை அடுத்த கம்பங்களில் வாழும் மலாய் மக்களும் 'ஷுர்கா' என வழங்குகின்றனர். சமயம் வேறு, மொழி வேறு; சொல் மட்டும் ஒன்றே. இவ்வொற்றுமையின் வரலாறு அறியத்தக்கது.

வடமொழியில் 'ஸ்வர்' என்பது ஒளியையும் ஒளி பொருந்திய வானத்தையும் குறிக்கும். 'க' என்பது செல்லுதல். ஆகவே, ஒளியுலகு சேர்தல் என்பதே இச்சொல்லின் அடிப்படைப் பொருளாகும். வடசொற்கள் தமிழ் ஒலிக்கு இயைந்து வருதல் வேண்டும் என்பது தொல்காப்பிய நெறி. அந்நெறிப்படி இச்சொல் சுவர்க்கம், சொர்க்கம் எனத் தமிழில் நிலைபெற்றது.

மலாய் மொழிக்கும் வடசொற்கள் பழமையானவை. சுமத்திராவில் கிடைத்த, கி.பி. 682-ஆம் ஆண்டினதாகிய கெடுக்கான் புக்கிட் கல்வெட்டிலேயே அவை காணப்படுகின்றன. பின்னாளில் இஸ்லாம் பரவியபோதும் பழஞ்சொற்கள் கைவிடப்படவில்லை. அச்சேயில் உள்ள மின்யே துஜோ கல்லறைக் கல்வெட்டு 1380-ஆம் ஆண்டைச் சேர்ந்ததெனக் கணிக்கப்படுகிறது. முஸ்லிம் அரசி ஒருவரைச் சொர்க்கத்தில் சேர்க்குமாறு அது இறைவனை வேண்டுகிறது. நெகிரி செம்பிலானிலேயே, லிங்கி வட்டாரத்துப் பெங்காலான் கெம்பாஸில் 1467-ஆம் ஆண்டைச் சார்ந்த நினைவுக்கல் ஒன்று உண்டு. அதில் காவி எழுத்தும் ஜாவி எழுத்தும் ஒருங்கே பொறிக்கப்பட்டுள்ளன. மாநிலத்தின் பெயரில் உள்ள 'நெகிரி' என்பதும் 'நகரி' என்ற வடசொல்லின் திரிபே.

மலாய் மக்கள் வழங்கும் 'பிர்தௌஸ்' என்பதோ வேறு வழி வந்தது. மதில் சூழ்ந்த தோட்டம் என்னும் பொருளுடைய பழைய ஈரானியச் சொல்லே அதன் மூலம். ஆங்கிலத்தின் 'பாரடைஸ்', தமிழ் விவிலியத்தின் 'பரதீசு' ஆகியனவும் அதன் வழித்தோன்றல்களே.

தமிழுக்கும் இப்பொருளில் தொன்மையான சொற்கள் பல உள. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் துறையைத் துறக்கத்திற்கு ஒப்பிடுகிறது. திருவள்ளுவர் 'புத்தேள் உலகம்' என்கிறார். ஒப்புரவினும் சிறந்த நன்மை அவ்வுலகிலும் இல்லை, இவ்வுலகிலும் இல்லை என்பது அவர் துணிபு. இவற்றிற்கும் மேலான நிலையைச் சான்றோர் 'வீடு' என்றனர். 'விடு' என்னும் வினையின் முதலெழுத்து நீண்டு 'வீடு' ஆயிற்று. பற்றுகளை விட்ட நிலையே வீடுபேறு. குடியிருக்கும் இல்லத்திற்கும் அதுவே பெயர்.

தோட்டத் தமிழர் வாழ்வில் இவ்விருபொருளும் ஆழமாகப் பதிந்தவை. ரப்பர் மரங்களுக்கிடையே லயங்களில் வாழ்ந்த அவர்களுக்குக் குடியிருந்த வீடு சொந்தமன்று. வேலை நீங்கின் வீடும் நீங்கும். 1950-களில் ஆங்கிலேயர் தோட்டங்கள் பல துண்டாடி விற்கப்பட்டபோது, எண்ணற்ற குடும்பங்கள் பிழைப்பையும் உறைவிடத்தையும் ஒருங்கே இழந்தன. அத்துயர் கண்டு துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரம் வெட்டியோர் தம் ஊதியத்திலிருந்து சிறுகச் சிறுகப் பங்குப்பணம் செலுத்தி, தாம் உழைத்த மண்ணுக்கே பங்காளிகள் ஆயினர். வள்ளுவர் போற்றிய ஒப்புரவு இங்குக் கூட்டுறவாக மலர்ந்தது எனலாம்.

இன்று சிரம்பான், நீலாய் வட்டாரத் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. லயங்கள் மறைந்தன, மக்கள் பல ஊர்களுக்குப் பிரிந்தனர். ஆயினும் திருவிழா நாளில் அவர்கள் மீண்டும் கூடுமிடம் கோயிலே. அங்கு வரும் இளஞ்சிறார்க்குச் சொர்க்கம் என்பதன் பொருளோடு, வீடின்றி உழைத்த முன்னோர் ஒன்றுபட்டு நிலம் பெற்ற வரலாற்றையும் எடுத்துரைத்தல் பெரியோர் கடனாகும். மறுமைக்கு வழிகாட்டும் திருக்கோயில் இம்மையிலும் ஒப்புரவு வளர்க்கும் இடமாகத் திகழ எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவானாக!