உத்தரவு வாங்கும் இங்கிலீஷ், மனு எழுதும் இங்கிலீஷ்

‘காலனிப் பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் ஏறாது.’ அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கியிருக்கிற எனக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. வீட்டில் படித்தவர் இல்லை, பேசிப் பழக ஆள் இல்லை என்று காரணமும் அடுக்குவார்கள். ஆனால் இந்த மண்ணில் இங்கிலீஷ் யார் காதில் முதலில் விழுந்தது, யாருக்கு எவ்வளவு அளந்து ஊற்றப்பட்டது என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

பூந்தமல்லியில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கன்டோன்மென்ட் இருந்தது. பட்டணத்தில் துரைமார் பங்களாக்கள். அங்கே சோறாக்கியவர்கள், பிள்ளை வளர்த்த ஆயாக்கள், குதிரை பார்த்தவர்கள் என்று நம்ம சனங்கள் நிறையப் பேர். துரையிடமும் துரைசானியிடமும் தினமும் பேசியாக வேண்டியவர்கள். அவர்கள் பேசியதற்கு ‘பட்லர் இங்கிலீஷ்’ என்று பேர் வைத்துச் சிரித்தார்கள். 1886இல் வந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி அதைச் சென்னை மாகாணத்து வேலைக்காரர்களின் உடைந்த இங்கிலீஷ் என்று பதிந்து வைத்தது. 1891இல் ஹூகோ ஷூகார்ட் என்ற ஐரோப்பிய மொழியியல் அறிஞர் அதைப் பற்றி ஆராய்ந்தே எழுதினார். சிரித்தவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. முடிந்த காரியத்தைச் சொல்ல ஒரு முறை, வரப்போகிற காரியத்தைச் சொல்ல ஒரு முறை என்று அந்தப் பேச்சுக்கும் இலக்கணம் இருந்தது. பள்ளிக்கூடம் இல்லை, புத்தகம் இல்லை, வாத்தியார் இல்லை. காதால் கேட்டதை வைத்து விதி கட்டிக்கொண்டவனுக்கா மூளை இல்லை? அவனுக்கு இல்லாமல் போனது வேறு. ‘ஆச்சு துரை, செய்றேன் துரை’ என்று சொல்ல வழி இருந்தது. ‘ஏன்?’ என்று கேட்க இடம் இருக்கவில்லை.

அந்த பட்லர்களில் ஒருவர் கந்தப்பன். ஆரிங்டன் துரையிடம் வேலை பார்த்தவர், அயோத்திதாசப் பண்டிதரின் பாட்டனார். திருக்குறள் ஓலைச்சுவடியை எல்லிஸ் துரையிடம் சேர்த்தவர் அவர்தான் என்று பண்டிதர் எழுதியிருக்கிறார். சமையல்கட்டில் நின்றவர் கையில் குறள் இருந்தது.

அன்றைக்கு அம்பத்தூரும் பூந்தமல்லியும் செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுக்கா. அந்த ஜில்லா கலெக்டர் ட்ரெமென்கீர் 1891இல் பறையர் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையைப் பஞ்சமி நிலத்தோடு சேர்த்து நாம் அறிவோம். 1893 பிப்ரவரியில் பஞ்சமர் கல்விக்கென்று 68ஆம் எண் அரசாணை வந்தது. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாறில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். கதவு திறந்தது, மறுக்கவில்லை. ஆனால் பெரிய படிப்புக்கு நம் பிள்ளைகளை ஏற்றிவிடுவது அந்தப் பள்ளிகளின் நோக்கம் அல்ல. எழுத, படிக்க, கணக்குப் போட, வேலைக்கு உதவுகிற அளவு படிப்பு. அங்கேயும் அளவுதான்.

அதே 1893இல் இன்னொரு இங்கிலீஷ் நம்மவர் கையில் இருந்தது. சிவில் சர்வீஸ் பரீட்சையை லண்டனோடு இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, அது மேல்சாதிக்காரர் கையில் எல்லாப் பதவியையும் கொடுத்துவிடும் என்று ரெட்டமலை சீனிவாசன் எதிர் மனு தயாரித்தார். 3412 பேர் கையெழுத்து, 112 அடி நீளம். பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்குப் போனது அது. இவர் யார்? கோயம்புத்தூரில் படித்தபோது, தன் சாதி தெரிந்துவிடுமோ என்று மற்றப் பிள்ளைகளோடு சேராமல் ஒதுங்கியே இருந்ததைத் தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் எழுதியவர். பின்னால் தென்னாப்பிரிக்காவில் மொழிபெயர்ப்பாளர். 1930இல் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தவர்.

எம்.சி. ராஜா பள்ளிக்கூட வாத்தியார், பாடப்புத்தகம் எழுதியவர். ஒடுக்கப்பட்டோர் நிலைமையை 1925இல் இங்கிலீஷில் நூலாகவே போட்டார். அவர் காலத்துப் பள்ளி நிலைமை தெரியுமா? 1919இல் அரசாங்கமே ஒப்புக்கொண்ட கணக்கு: மாகாணத்தில் பொது நிர்வாகத்தில் 8157 பள்ளிகள். பஞ்சமப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டவை 609. வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு ‘ஏறாது’ என்றால் எப்படி ஏறும்?

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் புகைபோக்கிகள் வந்தன. 1949இல் அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ். 1960களில் அம்பத்தூர் எஸ்டேட், ஆவடியில் டாங்க் பேக்டரி. வேலைக்குப் போனவர்கள் கூடவே சொற்களையும் கொண்டுவந்தார்கள்: ஷிப்ட், ஓவர்டைம், கேட்பாஸ், மெமோ, சஸ்பெண்ட், கான்ட்ராக்ட். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்கும் இந்த வார்த்தைகளுக்கு அர்த்தம் தெரியும். மெமோவை வாங்கத் தெரிந்தது. அதற்குப் பதில் எழுத யூனியன் ஆபீசில் யாரையாவது தேட வேண்டியிருந்தது. துரை போனான், அளவு போகவில்லை.

2012-13லிருந்து அரசுப் பள்ளிகளில் இங்கிலீஷ் மீடியம் வகுப்புகள் பரவலாகத் திறக்கப்பட்டன. நம்ம சனங்கள் ஆசையோடு சேர்த்தார்கள். அந்த ஆசையைப் பழிக்க யாருக்கும் யோக்கியதை இல்லை. தன் பிள்ளையைக் கான்வென்டில் விட்டுவிட்டு நமக்குத் தமிழ்ப்பற்று போதிக்கிறவர்களுக்கு நிச்சயமாக இல்லை. ஆனால் போர்டை மாற்றினால் பாஷை வந்துவிடாது. ஆவடிக்குப் பக்கத்துக் காலனியில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. செடி உணவு தயாரிப்பதைப் பற்றி இங்கிலீஷில் பத்து வரி தடங்கல் இல்லாமல் ஒப்பிப்பாள். நடுவில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டால் முழிப்பாள். ‘அக்கா, தமிழ்ல சொல்லட்டா?’ என்றாள். சொன்னாள். வெயில், தண்ணி, காத்து, இலையில இருக்கிற பச்சை, எல்லாம் சரியாக. பாடம் அவளுக்குள் இருக்கிறது, தமிழில் இருக்கிறது. அதை இங்கிலீஷுக்குக் கூட்டிப் போக ஒரு கை வேண்டும். தாய்மொழியில் தொடங்குவதே நல்லது என்று 1953இலேயே யுனெஸ்கோ அறிக்கை சொன்னது. தாய்மொழியை விடாமல் இன்னொரு மொழியைச் சேர்த்துக்கொள்வதுதான் நாம் கேட்பது.

ஆகவே வகுப்பில் நாங்கள் செய்வது இதுதான். எந்த விஷயத்தையும் முதலில் தன் பேச்சில் சொல்ல வேண்டும். சேரிப் பேச்சைத் திருத்த மாட்டோம். ஏற்கெனவே வீட்டில் புழங்கும் இங்கிலீஷ் வார்த்தைகளைப் பலகையில் எழுதி, எழுத்துக்கூட்ட வைப்போம். பிறகு கேள்வி: ஏன், எப்போது, யார், எவ்வளவு. பதில் சொல்வதற்கு முன்னால் கேள்வி கேட்க இங்கிலீஷில் பழக்குகிறோம். தப்பாகக் கேட்டாலும் பதில் உண்டு, சிரிப்பு கிடையாது. வாரக் கடைசியில் ஒரு மனு. தெருவிளக்கு எரியவில்லை, பள்ளிக் கக்கூசில் தண்ணீர் இல்லை, பஸ் நிற்கவில்லை. எத்தனை நாளாக, யாரிடம் சொன்னோம், என்ன செய்ய வேண்டும். தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று, கீழே பிள்ளைகளின் கையெழுத்து. சில மனுவுக்கு ஆள் வந்தது, பலவற்றுக்கு வரவில்லை. வராதவற்றுக்கு நினைவூட்டுக் கடிதம் எழுதக் கற்கிறார்கள். ஒப்பித்த பத்து வரியை விட அந்த நாலு வரி அவர்கள் நாக்கில் நிற்கிறது.

கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். மேடையில் அம்பேத்கரைப் பேசுகிறோம், நல்லது. ஊர் திரும்பினால் வாரத்தில் இரண்டு சாயங்காலம் காலனிப் பிள்ளைகளோடு உட்காருங்கள். இங்கிலீஷ் பிரமாதமாக வர வேண்டும் என்று அவசியம் இல்லை. நீங்கள் தடுமாறி எழுந்த இடங்கள் உங்களுக்குத் தெரியும், அது போதும். கைடு, நோட்ஸ் வேண்டாம். ஒரு பலகை, சாக்குக்கட்டி, ஒரு அகராதி. கூடவே சீனிவாசனின் 112 அடி மனுவைப் பற்றிச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகள் அந்த நீளத்தைத் தெருவில் தப்படி போட்டு அளந்து பார்த்தார்கள்.