பித்தப்பை ஆபரேஷன் முடிஞ்சுதா... பயாப்ஸி ரிப்போர்ட்டை வாங்கினீங்களா?

பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் செய்துகொண்டவர் உங்கள் வீட்டிலோ, சொந்தத்திலோ ஒருவராவது இருப்பார். லேப்ராஸ்கோப்பியில் சின்னச் சின்னதாக மூணு, நாலு ஓட்டை, ஓரிரு நாளில் டிஸ்சார்ஜ். பல இடங்களில் எடுத்த கற்களை ஒரு குட்டி டப்பாவில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அதைத் திறந்து காட்டுவோம். சரி, வெளியே எடுத்த பித்தப்பை என்ன ஆச்சு?

அது பயாப்ஸிக்குப் போகும், போக வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு 'நாள்பட்ட அழற்சி' என்று ஒரு வரியில் ரிப்போர்ட் வரும். கவலையே வேண்டாம். ஆனால் ரொம்ப ரொம்ப அரிதாக, யாரும் எதிர்பார்க்காத ஒரு பெயர் அதில் இருக்கும்: நியூரோஎண்டோகிரைன் கட்டி.

இந்தப் பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? 2018 மார்ச்சில் நடிகர் இர்ஃபான் கான் தனக்கு இந்த வகைக் கட்டி இருப்பதாக அறிவித்தபோதுதான் பலரும் முதன்முதலாகக் கேள்விப்பட்டோம். நியூரோ என்றாலே மூளை இல்லை என்று அப்போது அவரே விளக்க வேண்டியிருந்தது. 2020 ஏப்ரலில் இறந்துபோனார். ஸ்டீவ் ஜாப்ஸுக்குக் கணையத்தில் வந்ததும் இதே குடும்பத்துக் கட்டிதான்.

நரம்பிலிருந்து சிக்னல் வாங்கி, ஹார்மோனைச் சுரக்கிற செல்கள் நம் குடல், கணையம், நுரையீரல் என்று பல இடங்களில் பரவிக் கிடக்கின்றன. அவை கட்டுப்பாடில்லாமல் பெருகினால் இந்தக் கட்டி. ஜெர்மனியின் ம்யூனிக் நகரைச் சேர்ந்த சீக்ஃப்ரீட் ஓபெர்ன்டோர்ஃபர் என்ற மருத்துவர், சிறுகுடலில் வந்த இப்படிப்பட்ட கட்டிகளுக்கு 1907-ல் 'கார்சினாய்டு' என்று பெயர் வைத்தார். 'புற்றுநோய் மாதிரி' என்று அர்த்தம். இவை பெரிதாக ஆபத்தில்லாதவை என்று அப்போது நினைத்தவர், பரவக்கூடியவையும் உண்டு என்று 1929-ல் சொன்னார்.

பித்தப்பைக்கு வருவோம். கல்லீரலுக்கு அடியில், பேரிக்காய் வடிவில் பித்தநீரைச் சேமிக்கும் பை. விசித்திரம் என்னவென்றால், ஆரோக்கியமான பித்தப்பையின் உட்சுவரில் மேலே சொன்ன செல்கள் வழக்கமாக இருப்பதே இல்லை. இல்லாத செல்லிலிருந்து கட்டி எப்படி? கல்லும் அழற்சியும் வருஷக்கணக்காக உரசி உரசி, உட்சுவர் மெல்ல இரைப்பை, குடல் சுவர் மாதிரி மாறிவிடுகிறது. அந்த மாற்றத்தோடு இந்தச் செல்களும் வந்து சேர்கின்றன என்பதுதான் மருத்துவர்கள் அதிகம் சொல்லும் விளக்கம். அதற்காக, 'எனக்குக் கல் இருக்கே' என்று இப்பவே கூகுளில் தேட ஆரம்பிக்காதீங்க. மொத்த நியூரோஎண்டோகிரைன் கட்டிகளில் பித்தப்பையில் வருபவை சுமார் 0.5 சதவிகிதம்தான்.

சிக்கல், அறிகுறிகளில் இருக்கிறது. வலது மேல்வயிற்றில் வலி, குமட்டல், சிலருக்கு மஞ்சள்காமாலை என்று எல்லாமே கல்லுக்கும் வரக்கூடியவை. அல்ட்ராசவுண்டில் கட்டி தெரிந்தால்கூட அது என்ன வகை என்று சொல்ல முடியாது. அதனால்தான் பலருக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு, மைக்ரோஸ்கோப்புக்கு அடியில்தான் குட்டு வெளிப்படுகிறது. குரோமோகிரானின், சினாப்டோஃபைசின் என்ற இரண்டு புரதங்கள் அந்தச் செல்களில் இருக்கிறதா என்று சாயம் ஏற்றிப் பார்த்து உறுதி செய்வார்கள்.

ரிப்போர்ட்டில் இன்னொரு வார்த்தை முக்கியம்: கே.ஐ-67. செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதன் அளவு. 3 சதவிகிதத்துக்குக் கீழே என்றால் முதல் கிரேடு, 20-ஐத் தாண்டினால் மூன்றாவது. பெயரின் கடைசியில் 'ட்யூமர்' என்று இருப்பதற்கும் 'கார்சினோமா' என்று இருப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். முதலாவது பெரும்பாலும் மெதுவாக வளரும். இரண்டாவது வேகமானது; வருத்தமான விஷயம், பித்தப்பையில் அதிகம் காணப்படுவது இதுதான்.

ஆரம்ப நிலையில் இருக்கும் சின்ன, மெதுவான கட்டி என்றால், பித்தப்பையை எடுத்ததே சிகிச்சையாக முடிந்துவிடலாம். ஆழமாகப் போயிருந்தால் கல்லீரலின் ஒரு பகுதியையும் நிணநீர் முடிச்சுகளையும் எடுக்க இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படலாம். கார்சினோமாவுக்கு சிஸ்பிளாட்டின், எட்டோபோசைடு மாதிரியான கீமோ மருந்துகள். எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று பார்க்க காலியம் பெட் ஸ்கேன் உதவும். இதில் எது என்று முடிவெடுக்க அந்த ரிப்போர்ட் டாக்டர் கைக்கு வந்தாக வேண்டும். தையல் பிரித்தாச்சு, வலி இல்லை என்று ரிப்போர்ட்டை மறந்துவிட்டால், வேகமான கட்டிக்கு நாமே நேரம் கொடுத்த மாதிரி.

ஆகவே ஆபரேஷனுக்கு முன்பே, 'பயாப்ஸிக்கு அனுப்புவீங்களா டாக்டர், ரிப்போர்ட் எப்ப வரும்?' என்று கேட்டு, தேதியை மொபைலில் ரிமைண்டராகப் போடுங்கள். அம்மா, அப்பாவுக்கு ஆபரேஷன் என்றால் இது உங்கள் வேலை. ரிப்போர்ட்டில் சந்தேகமான வார்த்தை இருந்தால் புற்றுநோய் அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள். இரண்டாவது கருத்து கேட்கப் போகும்போது, பேப்பர் மட்டும் போதாது. திசுவைப் பதப்படுத்தி வைத்த மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் லேபில் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.