மலையேற்றக் காலணி

மலையேற்றக் காலணி என்பது மலைப்பாதைகளிலும் காட்டுவழிகளிலும் நடப்பதற்கென வடிவமைக்கப்பட்ட காலணி ஆகும். பாறை, சேறு, வெண்பனி என நிலம் மாறும்போது அதற்கேற்ற காலணியும் மாறுகிறது. ஆகவே புதிதாக மலையேறுவோர் முதலில் தாம் நடக்கவிருக்கும் நிலத்தை அறிந்து, பின்னரே காலணியைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

வரலாறு

தொடக்கத்தில் ஐரோப்பிய மலையேறிகள் இரும்பாணிகள் அறைந்த தோல் காலணிகளை அணிந்தனர். 1935 ஆம் ஆண்டு இத்தாலியின் ஆல்ப்சு மலையில் விட்டாலே பிரமானி என்பவரின் நண்பர்கள் அறுவர் உயிரிழந்தனர். பொருத்தமற்ற காலணிகளும் அதற்கு ஒரு காரணமாகக் கருதப்பட்டது. இதனையடுத்து அவர் 1937 இல் ஆழ்ந்த வரிப்பள்ளங்கள் கொண்ட இரப்பர் அடிப்பாகத்தை உருவாக்கினார். அவர் பெயரின் சுருக்கமே 'விப்ரம்' என்னும் வணிகப் பெயராயிற்று.

வகைகள்

* தாழ்ந்த காலணி: எடை குறைந்தது, ஒருநாள் நடைக்குப் போதுமானது.
* உயர்ந்த காலணி: கணுக்காலை மூடுவது, கரடுமுரடான வழிக்கும் அதிகச் சுமைக்கும் ஏற்றது.
* பனிமிதியடி: காலணியின் மேல் வார்களால் கட்டப்படும் அகன்ற சட்டம்.

குற்றால மலையில்

தென்காசி மாவட்டத்தில் உள்ள குற்றாலத்தில் சூன் முதல் ஆகத்து வரை தென்மேற்குப் பருவக்காற்றால் சாரல் பெய்கிறது. அப்போது பாறைகள் ஈரமாக இருக்கும். காட்டுவழியில் அட்டைகள் மிகும். வரிப்பள்ளங்கள் சேற்றில் பிடிப்புத் தருகின்றன. ஈரப்பாறையிலோ மென்மையான இரப்பரே நன்கு பற்றும். எனினும் பாசி படர்ந்த பாறையில் எந்தக் காலணியையும் முழுமையாக நம்ப இயலாது.

ஓடையைக் கடக்கும்போது நீர் மேல்வழியாக உட்புகும் என்பதால், நீர்புகாக் காலணி இங்கு அத்தனை பயன் தருவதில்லை. புகுந்த நீர் அதில் தேங்கிவிடும். வலைத்துணியாலான காலணி விரைவில் வடிந்து உலரும். நெருக்கமாக நெய்யப்பட்ட, முழங்கால் வரையிலான காலுறை அட்டைக்கடியைத் தடுக்கும்.

17 மே 2024 அன்று பழைய குற்றால அருவியில் ஏற்பட்ட திடீர் வெள்ளத்தில் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். மலைமேல் பெய்யும் மழை கீழே தெரிவதில்லை; நல்ல காலணியும் வெள்ளத்திலிருந்து காப்பதில்லை. செண்பகாதேவி அருவி, தேனருவி ஆகியவற்றுக்குச் செல்லும் வழிகள் வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ளன.

அளவு பார்த்தல்

நடந்தபின் பாதம் சற்று வீங்குவதால் மாலையில் அளவு பார்ப்பது நன்று. இறங்கும்போது விரல்கள் முன்னே நகரும். ஆகவே முன்புறம் ஏறக்குறைய ஒரு பெருவிரல் அகல இடைவெளி வேண்டும். குதிகால் மேலெழக் கூடாது. பருத்திக் காலுறை ஈரத்தைத் தேக்கிக் கொப்புளத்தை உண்டாக்கும். கம்பளி அல்லது செயற்கை இழைக் காலுறை ஏற்றது. புதிய காலணியைச் சில நாட்கள் வீட்டருகே அணிந்து பழகிய பின்னரே மலைக்குச் செல்லவேண்டும்.

பனிமிதியடி

மென்மையான வெண்பனியில் உடல் எடை சிறு பரப்பில் அழுந்துவதால் கால் புதைகிறது. பனிமிதியடி அவ்வெடையைப் பெரும் பரப்பில் பரப்பி, புதைவதைக் குறைக்கிறது. வட அமெரிக்கப் பழங்குடியினர் மரச்சட்டத்தில் தோல்வார் பின்னி இதனைச் செய்தனர். இன்று அலுமினியமும் நெகிழியும் பயன்படுகின்றன. நடப்பவரின் எடையோடு சுமையின் எடையையும் கூட்டியே இதன் அளவு முடிவு செய்யப்படுகிறது.

உதகமண்டலத்தில் உறைபனி படிந்தாலும், தமிழ்நாட்டில் கால் புதையுமளவு வெண்பனி சேர்வதில்லை. இமயமலையில் குளிர்காலத்தில் நடப்போருக்கே இது தேவைப்படும். இறுகிய பனிக்கட்டிச் சரிவுக்கு இது போதாது. அங்குக் காலணியில் கூர்முட்கள் பூட்டப்படும்.