புறக்கடைக் கோழிகளின் சுவாச நோய்கள்

புறக்கடைக் கோழிகளின் சுவாச நோய்கள் என்பன வீட்டுக் கொல்லையிலும் தெருவிலும் மேய்ந்து வளரும் கோழிகளின் மூக்கு, மூச்சுக்குழாய், நுரையீரல், காற்றுப்பைகள் ஆகியவற்றைத் தாக்கும் நோய்களின் தொகுதி ஆகும். தீநுண்மம் (வைரசு), பாக்டீரியா, புழு எனப் பல காரணிகளால் இவை உண்டாகின்றன. நாட்டுப்புறத்தில் இவை பெரும்பாலும் "சளி" என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. இவற்றுள் சில மருந்தினால் தணியக் கூடியவை. மிகக் கொடியதான இராணிக்கெட் நோய்க்கோ மருந்து இல்லை. தடுப்பூசி மட்டுமே உண்டு. எனவே எந்நோய் எனப் பிரித்தறிவதே சிகிச்சையின் முதற்படியாகும்.

பழவேற்காட்டுப் பகுதி

திருவள்ளூர் மாவட்டத்தில் எண்ணூருக்கு வடக்கே, வங்காள விரிகுடாவுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடையே காட்டுப்பள்ளி அமைந்துள்ளது. இவ்வூரையும் இதற்கு வடக்கில் பழவேற்காடு ஏரியை ஒட்டியுள்ள மீனவர் ஊர்களையும் போன்ற இடங்களில், வீட்டுக்குச் சில கோழிகளாக வளர்ப்பதே வழக்கம். கோழிகள் அடைக்கப்படாமல் திரிவதால் ஒரு வீட்டின் நோய் அடுத்த வீட்டை எளிதில் அடைகிறது. நோய் கண்டதும் கோழிகளை அவசரமாக விற்றுவிடும் பழக்கம் நோயை அடுத்த ஊருக்குக் கொண்டு செல்கிறது. விற்பவரின் நிலை புரிந்துகொள்ளக் கூடியதே. எனினும் வாங்குபவர் வீட்டில் இழப்பு இதைவிடப் பெரிதாகலாம்.

அறிகுறிகளைக் கண்டறிதல்

கோழிகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. கோடை வெயிலில் அவை வாயைத் திறந்து, சிறகுகளை விரித்து இளைப்பது இயல்பான குளிர்ச்சி முறையே தவிர நோயன்று. நிழலில் சிறிது நேரம் இருந்தபின் இது நின்றுவிடும். மாறாக, காலைக் குளிரிலும் கழுத்தை நீட்டி வாய் திறந்து மூச்சிழுத்தல், தும்மல், மூக்கிலும் கண்ணிலும் நீர் வடிதல் ஆகியவை நோயைக் குறிக்கும்.

ஐயம் இருப்பின், இரவில் கோழிகள் அடைந்த பின்னர்க் கூட்டின் அருகில் அமைதியாக நின்று கேட்க வேண்டும். பகல் இரைச்சலில் கேட்காத "கர் கர்" என்னும் மூச்சொலி அப்போது தெளிவாகக் கேட்கும். எத்தனை கோழிகள், எத்தனை நாளாக, இறப்பு உண்டா, கழிச்சலின் நிறம் என்ன ஆகியவற்றைக் குறித்து வைத்தால் மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

இராணிக்கெட் நோய்

தமிழ்நாட்டில் வெள்ளைக் கழிச்சல் என அறியப்படும் இந்நோய், உலக அளவில் நியூகாசில் நோய் எனப்படுகிறது. 1926 ஆம் ஆண்டு சாவகத்திலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் இது கண்டறியப்பட்டது. நியூகாசில் என்பது ஆய்வாளர் டாயில் தற்காலிகமாக இட்ட பெயர், அதுவே நிலைத்துவிட்டது. இந்தியாவில் 1927 இல் இமயமலை அடுக்கில், இன்றைய உத்தராகண்ட மாநிலத்தில் உள்ள இராணிக்கேத் என்னும் ஊரில் கண்டறியப்பட்டதால் இங்கு அப்பெயர் பெற்றது.

தீநுண்மம் உட்புகுந்து பெரும்பாலும் 5 அல்லது 6 நாட்களில் அறிகுறிகள் தோன்றும். முதலில் சோர்வும் மூச்சுத் திணறலும், பின்னர் வெள்ளை அல்லது பச்சை நிறக் கழிச்சலும் காணப்படும். பிழைத்திருக்கும் கோழிகளுக்குக் கழுத்து முறுக்கிக் கொள்ளுதல், கால் அல்லது இறகு செயலிழத்தல் ஆகியன உண்டாகும். மூச்சுத் திணறல், கழிச்சல், கழுத்துத் திருகல் மூன்றும் ஒரே கூட்டத்தில் காணப்பட்டால் இராணிக்கெட் நோயை முதலில் ஐயுற வேண்டும். தடுப்பூசி போடாத கூட்டம் முழுவதும் சில நாட்களில் அழிந்துவிடக் கூடும். மனிதருக்கு அரிதாகக் கண் சிவத்தல் ஏற்படலாம். அது தானே குணமாகும்.

வழக்கமான முறைப்படி, குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் எஃப் அல்லது லசோட்டா திரிபுத் தடுப்பு மருந்து கண்ணிலோ மூக்கிலோ சொட்டாக இடப்படுகிறது. எட்டாம் வாரத்தில் முக்தேசுவர் (ஆர்-2பி) திரிபு ஊசியாகச் செலுத்தப்படுகிறது. இத்திரிபு வீரியம் மிக்கது. இளங்குஞ்சுகளுக்கு இதனைப் போட்டால் அதுவே நோயை உண்டாக்கும். தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை, வழக்கமாகப் பிப்ரவரி மாதத்தில் இருவாரத் தடுப்பூசி முகாம்களை நடத்துகிறது. 1932 இல் தொடங்கப்பட்ட இராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் மாநிலத்துக்கான தடுப்பு மருந்துகளைத் தயாரித்து வருகிறது.

தடுப்பூசி இருந்தும் கோழிகள் இறப்பதற்குக் காரணம் பெரும்பாலும் எளிய கணக்கே. உறைந்துலர்ந்த மருந்து 100 அல்லது அதற்கு மேற்பட்ட கோழிகளுக்கான குப்பிகளில் வருகிறது. பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கரைத்தபின் ஓரிரு மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும். 8 கோழி வைத்திருப்பவர் தனியாக வாங்கினால் பெரும்பகுதி வீணாகும். 12 வீட்டார் ஒரே காலையில் கூடினால் ஒரு குப்பி ஏறக்குறையச் சரியாக இருக்கும். இச்சிக்கலைத் தீர்க்கும் நோக்கில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் வெப்பத்தை ஓரளவு தாங்கும் டி-58 திரிபைக் கொண்டு, தீவனம் போல் உண்ணக் கொடுக்கும் குருணை வடிவத் தடுப்பு மருந்தை உருவாக்கியது. ஆசுத்திரேலியாவில் உருவான ஐ-2 திரிபு ஆப்பிரிக்க, ஆசியச் சிற்றூர்களில் இதே நோக்கில் பயன்படுகிறது.

பிற நோய்கள்

தொற்றுச் சளி நோய் பாக்டீரியாவால் உண்டாவது. முகம் ஒருபுறமோ இருபுறமோ வீங்கிக் கண்கள் ஒட்டிக்கொள்ளும். மூக்கில் துர்நாற்றமுள்ள சளி வடியும். இறப்பு குறைவு. மைக்கோபிளாசுமாவால் வரும் நாட்பட்ட சுவாச நோயில் கண்ணில் நுரையும் வாரக்கணக்கில் மூச்சொலியும் இருக்கும். முட்டை வழியே குஞ்சுக்கும் இது பரவும். தொற்று மூச்சுக்குழல் அழற்சி, கொரோனா வகைத் தீநுண்மத்தால் வருவது. ஓரிரு நாட்களில் கூட்டம் முழுதும் தும்மும், முட்டை ஓடு சுருங்கிக் கோணலாகும், ஆனால் கழுத்துத் திருகல் இராது. கோழி அம்மை வாய்க்குள் படலமாகப் படர்ந்தாலும் மூச்சு அடைக்கும். மண்புழு தின்னும் குஞ்சுகள் ஓயாமல் கொட்டாவி விட்டால், மூச்சுக்குழாயில் தங்கும் செந்நிறப் புழுவை ஐயுறலாம். இதற்குக் குடற்புழு நீக்க மருந்து பயன்தரும்.

சிகிச்சை

நோயுற்ற கோழியை உடனே பிரித்து, காற்றோட்டமான உலர்ந்த இடத்தில் வைத்துத் தூய நீர் கொடுக்க வேண்டும். ஈரமான கூட்டில் எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா எந்தச் சுவாச நோயையும் கடுமையாக்கும்.

டெட்ராசைக்கிளின், டைலோசின் போன்ற நுண்ணுயிர் எதிர்ப்பிகள் பாக்டீரியா, மைக்கோபிளாசுமா நோய்களில் மட்டுமே பயனளிக்கும். தேறிய கோழியும் கிருமியைச் சுமந்து திரியக் கூடும். தீநுண்ம நோய்க்கு இம்மருந்துகளைக் கொடுப்பது வீண் செலவு. அளவும் நாட்களும் மருத்துவர் சொற்படியே அமைய வேண்டும். அவர் குறிப்பிடும் காலம் வரை முட்டையையும் இறைச்சியையும் உண்ணலாகாது. கொலிசுட்டின் மருந்தைக் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் பயன்படுத்த இந்திய அரசு 2019 இல் தடை விதித்தது. கீழாநெல்லி, மஞ்சள், சின்ன வெங்காயம் அரைத்துக் கொடுக்கும் வீட்டு மருத்துவம் பரவலாக உள்ளது. தடுப்பூசிக்கு அது மாற்று ஆகாது.

பறவைக் காய்ச்சல்

இந்தியாவில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் முதன்முதலில் 2006 பிப்ரவரியில் மகாராட்டிரத்தின் நவாப்பூரில் உறுதி செய்யப்பட்டது. பழவேற்காடு ஏரியின் வடபுறத்தில் உள்ள ஆந்திரப் பிரதேசத்தின் நெல்லூர் மாவட்டத்தில் 2024 பிப்ரவரியில் கண்டறியப்பட்டது. காட்டு நீர்ப்பறவைகளே இத்தீநுண்மத்தின் இயற்கை இருப்பிடம். பழவேற்காடு ஏரியோ வலசைப் பறவைகள் கூடும் இடமாகும். கொண்டை நீலமாதல், முகவீக்கம், திடீர் இறப்பு ஆகியவை இதன் அறிகுறிகள். வெறும் பார்வையால் இதனையும் இராணிக்கெட் நோயையும் வேறுபடுத்த இயலாது. போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு ஆய்வகமே இதனை உறுதி செய்கிறது. எனவே ஓரிரு நாட்களில் பல கோழிகள் இறந்தால், இறந்தவற்றை வெறுங்கையால் தொடாமலும், அறுக்காமலும், கழிமுகத்தில் எறியாமலும் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மாதிரி எடுத்த பின்னர் அவற்றை ஆழக் குழியில் சுண்ணாம்பு இட்டுப் புதைப்பர்.